கருங்காலி என்று கொடுத்த பலகை

கிட்டார் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், ஐயா. சிவப்பா நீலமா என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வருவார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "கழுத்துக்கு என்ன மரம் போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தின் மேல் ஒட்டுகிற மெல்லிய பலகையைச் சொல்கிறேன். விரலை வைத்து அழுத்துவோமே, அது. ஃபிங்கர்போர்டு என்போம். மேப்பிள் போட்டால் சத்தம் பளிச்சென்று தெறிக்கும், ரோஸ்வுட் போட்டால் உருண்டு திரண்டு வரும், கருங்காலி போட்டால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கும். இதைச் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவன் நான். மர டாக்டர் என்று கூப்பிடுவார்கள். வெளியே கூச்சப்படுவதுபோல் காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்றிருக்கும்.

என் தங்கையின் கணவனும் என்னோடுதான் வேலை பார்த்தான். நல்ல கைத்திறன், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவன். அவனுக்கு ரோஸ்வுட் தூள் மட்டும் ஆகாது. முதல் தடவை தேய்த்தபோதே முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த இனத்து மரத்தூள் இன்னொரு தடவை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து ரோஸ்வுட்டை நான் மட்டும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பேன். பலகையைக் கொடுப்பவன் மரத்தின் பேரை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தேன். அவன் பாதுகாப்புக்காகத்தான். நான் பேரைச் சொன்னால் அவன் திரும்பக் கேட்கவே மாட்டான்.

கடை நிறைய ஆட்கள் இருந்த ஒரு நாள், அவன் விளையாட்டாக மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்களை எடுத்து வைத்தான். ஒரே உடம்பு, ஒரே கம்பி, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்பும் ஒரே மாதிரி. பலகை மட்டும் வேறு வேறு மரம். "மச்சான், அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. எது எந்த மரம்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். உட்கார்ந்தேன். வாசித்தான். ஒன்றைக்கூட நான் சரியாகச் சொல்லவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள், யாரோ ஒருவர் போனில் படம் வேறு பிடித்தார். அவன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என் தோளில் கையைப் போட்டு, "விடுங்க மச்சான். இந்த மாதிரி கிட்டார்ல சத்தம் பிக்கப்புலேர்ந்துதான் வருது. மரம் பாக்க அழகு, விரலுக்கு சுகம். அவ்ளோதான்" என்றான். அவனும் சிரித்துத் தொலைத்திருந்தால் நான் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவனிடம் போனார்கள். "எந்த மரமா இருந்தா என்னண்ணே, எது கைவசம் இருக்கோ அதையே போடுங்க" என்றார்கள். டாக்டர் என்று யாரும் கூப்பிடவில்லை, கேலிக்குக்கூட.

பிளாக்வுட் என்று ஒரு மரம் இருக்கிறது, ஐயா. பார்க்க அசல் கருங்காலி. கறுப்பும் அதே கறுப்பு, கனமும் ஏறக்குறைய அதே கனம். ஆனால் அது பிறப்பில் ரோஸ்வுட்டுக்குப் பங்காளி. தேய்க்கும்போது வருகிற வாசனையில்தான் வித்தியாசம் தெரியும். அன்று அவனுக்குக் கடுமையான சளி, மூக்கு அடைத்திருந்தது. அப்படி ஒரு நாள் வரட்டும் என்று நான் காத்திருந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள். பலகையைக் கையில் கொடுத்து "கருங்காலி" என்றேன். "சரி மச்சான்" என்று வாங்கிக்கொண்டான்.

அவன் செத்தது தெரியாமல் நடந்த விபத்து என்று நீங்கள் கேஸை முடித்துவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். என் தங்கையைத்தான் பார்க்க முடியவில்லை. அவன் பையில் தினமும் இன்ஹேலரை வைத்து அனுப்புவது அவள்தான். அன்று பையில் அது இல்லை. "நான்தாண்ணா வைக்க மறந்துட்டேன், நானே அவரைக் கொன்னுட்டேன்" என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். அந்தப் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறாள். என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள். அந்தக் கை என் மேல் படும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. செய்தது பாவம். அதை அவள் தலையில் சுமத்திவிட்டு என்னால் இருக்க முடியாது.

அவள் மறக்கவில்லை, ஐயா. காலையில் அவன் கை கழுவப் போன நேரத்தில் அதைப் பையிலிருந்து எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டவன் நான். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. பையைத் துழாவினான். மேஜையைப் பிடித்தபடி உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் மருந்தை எடுத்துக் காட்டினேன். "இப்ப சொல்லு மாப்ள, மரம் மாறினா வித்தியாசம் உண்டா, இல்லையா?" என்று நிதானமாகத்தான் கேட்டேன். தலையை அசைத்தான். உண்டு என்கிறானா இல்லை என்கிறானா என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. அதனால் இன்னொரு தடவை கேட்டேன்.