ஒட்டிய துளைகள்

நெயில் பாலிஷ் வாங்கும் ஆண்பிள்ளையை அரியலூர்க் கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். தாவரவியல் ஆசிரியனுக்கு அது பழகிவிடும். இலையின் அடியில் பூசி, காய்ந்ததும் உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இலை மூச்சுவிடும் துளைகள் தெரியும். பத்தொன்பது வருடம் அவற்றைத்தான் பார்த்தேன்.

துளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. துளையாகப் போகும் செல், பக்கத்துச் செல்லுக்கு நீ ஆகாதே என்று செய்தி அனுப்பும். பக்கத்துச் செல்லின் மரபணுக்கள் அதைக் கேட்டு அடங்கிவிடும். அது சாவதில்லை, சாதாரணச் செல்லாக இருந்துவிட்டுப் போகும். எனக்கு அந்த ஒழுங்கு பிடிக்கும்.

சிவரஞ்சனி என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். குன்னம் பக்கம் பருத்தி போடும் ராசாங்கத்தின் மகள். 2005 பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு ஸ்லைடோடு வந்தாள்.

"சார், எங்க பருத்திக் கொல்லையில ஒரே ஒரு செடிங்க. துளையெல்லாம் ரெண்டு மூணா ஒட்டிக்கிட்டு கெடக்குது."

செய்தியைக் கேட்கும் மரபணு கெட்டுப்போன செடியாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு களைச்செடியில் கண்டிருந்தார்கள். பருத்தியில், நான் அறிந்து, யாரும் கண்டதில்லை. கட்டுரையில் என் பெயர் முதலில் வரட்டும் என்றேன்.

"நான்தானே சார் கண்டேன்" என்று சிரித்தாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காய் வெடித்தால் விதை எடுக்கலாம் என்று காத்திருந்தாள். அவள் திருச்சி போயிருந்த நாளில் நான் குன்னத்துக்குப் பஸ் ஏறினேன். அடையாளத்துக்கு அவள் சிவப்பு நூல் கட்டிய அந்தச் செடியில் நோய் இருக்கிறது, கொல்லை முழுக்கப் பரவும் என்று ராசாங்கத்திடம் சொன்னேன்.

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்று காயோடு பிடுங்கி, காய்ந்த பருத்திமார்க் குச்சிகளோடு போட்டு அவரே கொளுத்தினார். எனக்கு மோர் கொடுத்தார். சாம்பலாகும்வரை நின்றேன்.

அவர் கையால் எரியட்டும் என்று யோசித்துத்தான் செய்தேன். என்மேல் புகார் சொல்ல வேண்டுமானால், எதை எரித்தார் என்று அப்பாவிடம் அவள் சொல்லியாக வேண்டும். அவள் சொல்லமாட்டாள்.

ஸ்லைடு போலி, உரித்ததை வேண்டுமென்றே மடித்து ஒட்டியிருக்கிறாள் என்று கல்லூரியின் ஆய்வுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். "நீங்களும் பாத்தீங்கதானே சார்?" என்று அவர்கள் முன்னால் கேட்டாள். இல்லை என்றேன். அன்றோடு அவளை நீக்கிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுவிசாரணைக்கு வந்து நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். எரிப்பதற்கு முன் ஓர் இலையைப் பறித்துக்கொண்டேன். அன்றே உரித்துப் பார்த்தேன். மடிப்பே இல்லை; துளைகள் ஒட்டித்தான் இருந்தன. அந்த ஸ்லைடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

ராசாங்கம் இன்னமும் அறுவடைக்கு அறுவடை சின்ன வெங்காயம் கொண்டுவந்து தருகிறார். போன மாதம் வந்தபோது கண் கலங்கினார்.

"பாப்பா யார்கிட்டயும் பேசறதில்லீங்க சார். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேக்கும்."

வரும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.