ஜோதியம்மாள் எழுந்துபோன காலை

டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மேடம். இந்த மலையில் காற்று ஓய்வதே இல்லை. எதுவும் சூடாக நிற்காது.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கள் ஊர்க்காரர்கள் வாசலில் இருக்கும் இந்த மையத்தை விட்டுவிட்டு ஏன் பஸ் ஏறிக் கெலமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? தெரியாது என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு விளைவைப் பேசும்போது காரணத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ஓசூரில் நிர்வாகப் படிப்பின் மாலை வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வரிசை எங்காவது பிசகினால் நிறுத்திக் கேளுங்கள். என்மீது எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இது இருளர்கள் நாங்களே தொடங்கி நாங்களே நடத்தும் மையம். பலகையில் நலவாழ்வுச் சங்கம் என்று இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஏதோ அரசாங்க இலாகா மாதிரி 'துறை' என்பார்கள். முதலில் கேலியாகச் சொன்னார்கள், பிறகு அதுவே பெயராகிவிட்டது. ஒரு நர்ஸ், ஒரு ஜீப், அதற்கு ஒரு டிரைவர், வாரத்தில் ஒரு நாள் டாக்டர். எங்களில் கல்லூரி முடித்தவன் என்பதால் அலுவலகப் பொறுப்பு எனக்கு. தலைவர் ஜோதியம்மாள், எனக்கு அத்தை முறை.

துறையைத் தொடங்கிய அன்றே அத்தை ஊர் நடுவில் நின்று ஒன்று சொன்னார். "நம்ம கை எட்டுற தூரத்துல, நம்ம தப்பால ஒரு உசுரு போச்சுன்னா, யாரும் என்னைய ஒண்ணும் கேக்க வேணாம். நானே எழுந்து போயிடுவேன்." பல வருஷம் அப்படி ஒரு நாள் வரவே இல்லை. பாம்புக்கடியோ பிரசவமோ, யாராவது வந்து நின்றால் அவரே ஜீப்பில் ஏறிவிடுவார். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவாமல் ஏறுவார்.

குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. ஆனால் நிர்வாகம் என்று பார்த்தால் அவரிடம் ஒன்றும் கிடையாது. யாருக்கும் உத்தரவு போட மாட்டார். எதையும் கூட்டத்தில் வைப்பார். கடைசி ஆளும் 'ஆகட்டும்' என்று சொல்லும்வரை யாரும் எழக் கூடாது. நோயாளியோடு ஒருவர் மட்டும் ஜீப்பில் போகலாம் என்று நான் ஒரு விதி எழுதிக்கொண்டு போனேன். அதுவரை குடும்பமே ஏறிக்கொண்டிருந்தது.

எனக்குச் சித்தி முறையான மங்கம்மா எழுந்தார். "ஏம்பா மணிவேலு, கூடப் போற அந்த ஒருத்தருக்கு மயக்கம் வந்தா யாரு பாக்கறது?"

"ஆஸ்பத்திரியில பாப்பாங்க, சித்தி."

"அப்ப நோயாளியையும் அவங்களே பாத்துக்கட்டுமே. நாம வண்டிய வித்துட்டு ஆளுக்கொரு கோழி வாங்கிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டிரைவர் திம்மராயன் மட்டும், "பையன் படிச்சதச் சொல்றான், சும்மா இருங்க" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. சிரிப்பு அடங்கியதும் அத்தை என்னைப் பார்த்து, "இன்னொரு தரம் யோசிச்சு எடுத்துனு வா, சாமி" என்றார். பொழுது சாய்ந்துவிட்டது. விதி நிறைவேறவில்லை.

அன்று இரவு யோசித்தேன். தவறு என் பக்கமா என்றுதான் முதலில் யோசித்தேன், என் பழக்கம் அது. சிரித்தார்கள் என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை. எந்த அமைப்பும் ஒரு மனிதரை நம்பி நிற்கக் கூடாது என்று வகுப்பில் படித்திருந்தேன். எங்கள் துறை அத்தையை நம்பி மட்டுமே நின்றது. அவர் நன்றாக இருக்கும்போதே வேறொருவர் கைக்கு மாறினால் துறை பிழைக்கும். ஆனால் அவரைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவராகப் போனால்தான் உண்டு. அவராகப் போவதற்கு ஒரே ஒரு வழியைத்தான் அவரே சொல்லியிருந்தார்.

இனி அந்த நாள். ஜீப்பின் டயர்கள் தேய்ந்திருந்தன. மழைக்காலம் தொடங்குமுன் மாற்ற வேண்டும் என்று திம்மராயன் பலமுறை சொல்லியிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஓசூருக்குக் கிளம்பினோம். டயர் கடையில் வண்டியை விட்டுவிட்டு அப்படியே வகுப்புக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

இறக்கத்தில் ரேவதி நின்றிருந்தாள். மங்கம்மாவின் மகள், தலைச்சன் பிள்ளைக்கு நிறைமாதம். புருஷன் பிரகாஷுக்கு ஜூஜுவாடியில் கம்பெனி வேலை என்பதால் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கால் வீக்கத்தில் செருப்பு நுழையாமல் கையில் பிடித்திருந்தாள். திம்மராயன் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணா, ஓசூருக்குத்தானே? காலையில சிஸ்டர் பாத்துட்டு, அத்தை உன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவாங்க, வீட்லயே இருன்னாங்க. அத்தையைக் காணோம். இதே வண்டியில வந்துடட்டா? தலை வேற வலிக்குது."

"அத்தையக் கேக்காம ஏத்தினா அவங்க என்ன நெனப்பாங்க? வீட்டுக்குப் போம்மா. வருவாங்க."

"ஏறட்டும்பா, இடம் இருக்குதே" என்றார் திம்மராயன்.

"கூட யாரும் இல்லாம எப்படி ஏத்தறது?" என்றேன்.

"சரிண்ணா" என்று சொல்லி ரேவதி ஓரமாக நகர்ந்துகொண்டாள். வழி விடுவதற்காகத்தான் நகர்ந்தாள். எனக்கு அந்தப் பெண்மேல் எந்த வருத்தமும் கிடையாது, மேடம். நல்ல பெண்.

மாலையில் அவளுக்கு ஜன்னி கண்டது. கைகால் இழுத்துக்கொண்டது. அத்தை திம்மராயனுக்குப் போன் செய்தபோது ஜீப் சக்கரமில்லாமல் ஜாக்கியில் நின்றிருந்தது. எனக்கும் செய்தார். மேசைமேல் போன் அதிர்ந்ததையும் அதில் அவர் பெயர் வந்ததையும் பார்த்தேன். வகுப்பில் போன் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரைதான் வர முடியும். அதுவரை கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கட்டிலின் ஒரு காலை அத்தை பிடித்திருந்தாராம். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை கூட்டம். நர்ஸ் மேரிராணி பர்கூரில் தம்பி கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் அழவில்லை. நேராக என்னைக் கேட்டார்.

"பஸ்ஸுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட என்ன சொன்னேன், மணிவேல்? பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு, இன்னைக்கே ஓசூர் போகணும், நாளைக்குன்னு தள்ளினா ஃபிட்ஸ் வந்துடும்னு சொன்னேன். ஜோதியம்மா காட்டு ஊருக்குப் போயிருக்காங்க, போன் எடுக்கல, வந்த உடனே சொல்லுங்கன்னு சொன்னேன். சொன்னீங்களா?"

"சொன்னேன், சிஸ்டர். மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். அத்தை ஆகட்டும்னாங்க."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையும் தேடவில்லை. தன்னுடைய மனதில்தான் தேடினார், எனக்குத் தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. அந்த மதியத்தை ஒவ்வொரு கவளமாகத் திரும்ப நினைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. நான் காத்திருந்தேன். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் ஊர் அவரைத்தான் நம்பியிருக்கும்.

"சொல்லியிருப்பான்" என்றார் அத்தை. "டயரப் பத்திப் பேசினான். அப்பவே இதையும் சொல்லியிருப்பான். பொய் பேசற புள்ள இல்ல. நான்தான் காதுல வாங்கல. வயசாச்சு, அது எனக்குத் தெரியாமப் போச்சு."

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். மங்கம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். பெற்ற மகளைப் புதைத்த மறுநாள், அவர்தான் பிடித்தார்.

"நீ போவாதக்கா. எம்பொண்ணு போனதுக்கு நீயும் போவணுமா? பேட, பேட, வேணாம்."

"பேச்சுன்னா பேச்சுதான், மங்கம்மா. மணிவேலு பாத்துக்குவான். சேதி சொன்னவன் அவன். மறந்தவ நான்."

அவர் போன பிறகு ஒவ்வொருவராக 'ஆகட்டும்' என்றார்கள். அத்தை சொன்னதற்காகச் சொன்னார்கள். மேரிராணி மட்டும் சொல்லவில்லை. அவர் வெளியூர், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாதம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை, மேடம். அந்த மதியம் காட்டு ஊரிலிருந்து களைத்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். என் தட்டில் குழம்பு குறைந்திருப்பதைப் பார்த்து அவரே ஊற்றினார். "சேதி ஏதாச்சும் உண்டா, சாமி?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லத்தை. வண்டிக்கு டயர் மாத்தணும், இன்னைக்கே எடுத்துனு போறேன்" என்றேன். "ஆகட்டும்" என்றார். சிஸ்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போது எனக்கு நினைவில் இருந்தது. டயர் இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்பதும் தெரியும். ரேவதி இறந்தே தீருவாள் என்று எனக்குத் தெரியாது. இறக்கலாம் என்று தெரியும். அது போதும் என்று இருந்தது. ரேவதிதான் என்று நான் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அந்த வாரம் அவள் வந்தாள்.

பொறுப்பேற்றதும் முதல் வேலையாக, உயிர் போனால் தலைவர் எழுந்து போக வேண்டும் என்ற அந்தப் பேச்சை நீக்கினேன். எந்தத் துறையும் அப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. கூட்டங்களைக் குறைத்தேன். நோயாளியோடு ஒருவர்தான் போகலாம். இன்றுவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாது. திம்மராயன் ரேவதி கையில் செருப்போடு நின்றதை மட்டும் ஊரில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு ஜீப் சாவியை என்னிடம் கொடுத்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். இப்போது மங்கம்மா பேத்திக்கு ஊசி போட இந்த வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறார். பக்கத்தில் அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அத்தை கூடவே பஸ்ஸில் போகிறார். நான் வணக்கம் சொன்னால், "நல்லா இருக்கியா சாமி" என்று கேட்பார். என்மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. தான் மறந்துபோனதை நினைத்துத்தான் இளைத்துப்போயிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா என்று பலமுறை யோசித்தேன். துறைக்கு அது நல்லதல்ல என்றுதான் முடிவு வந்தது.

அதனால் நீங்கள் மேலிடத்துக்கு அறிக்கை எழுதும்போது ஆள் வரவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டாம். பலனையும் எழுதுங்கள். என் காலத்தில் இந்தத் துறையின் கையிலிருந்து ஓர் உயிர்கூடப் போனதில்லை, மேடம். ரேவதி போனது அத்தையின் காலத்தில்.