தொரை சொன்ன ரியலி

சாமுவேல்: கொஞ்சம் நில்லு செண்பகம். தோல் டேனரி கேட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை...

செண்பகம்: நடந்துக்கினே சொல்லுங்க ரைட்டரண்ணே. தொரை குதிரை வண்டி வந்து நிக்கறப்ப நான் அங்க இருக்கணும்.

சாமுவேல்: அதத்தான் வேணாங்கறேன். காலங்காத்தால மேனேஜர் தொரைய வழி மறிச்சா...

செண்பகம்: யாரு மறிக்கறது? எங்கக்காவுக்குத் திரும்ப வேலை தர்றேன்னு போன வாரம் சொன்னாரில்ல? நீங்கதானே பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னீங்க?

சாமுவேல்: சொன்னேன்... சொன்னேன்தான்...

செண்பகம்: அப்புறம் இன்னா? தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழில வழுக்கி வுழுந்து கால் வெந்தது அவ தப்பா? இப்ப ஆறிடுச்சு. தாங்கித் தாங்கி நடக்கறா. ஈரத் தோல் தூக்க முடியாது, சரி. ஒக்காந்த எடத்துல தோல் பதத்துக்கு ஆவாரம் பட்டை இடிக்க கை போதாதா?

சாமுவேல்: ஒங்கக்கா அமிர்தவள்ளி நல்ல வேலைக்காரி இல்லன்னு நான் சொன்னேனா...

செண்பகம்: என்னை எடுத்து வளத்தவண்ணே அவ. அவ சும்மா மூலைல ஒக்காந்துக்கினு அழுவறத என்னால பாக்க முடியல.

சாமுவேல்: புரியுதும்மா. ஆனா தொரை சொன்னது...

செண்பகம்: ரியலி!

சாமுவேல்: ஆங்?

செண்பகம்: ரியலின்னாரு. என் காதால கேட்டேன். வூட்ல சொல்லிச் சொல்லிப் பாத்து வெச்சிருக்கேன். ரி-ய-லி. சரியா வருதா?

சாமுவேல்: வருது, வருது. தொரைசானி மாதிரியே வருது.

செண்பகம்: கிண்டல் இருக்கட்டும். ரியலின்னா இன்னா?

சாமுவேல்: நெசமான்னு அர்த்தம்.

செண்பகம்: அவ்ளோதான். முடிஞ்சுது பேச்சு.

சாமுவேல்: முடியல! அவங்க அத எடுத்ததுக்கெல்லாம் சொல்வாங்க. காப்பி குடிச்சா ரியலி நல்லாருக்கு. வெயில் அடிச்சா ரியலி பேஜாரு. நாய் குட்டி போட்டுச்சுன்னா கூட, ரியலியான்னு கேப்பாங்க. கொழம்புக்கு உப்பு தூவற மாதிரி பேச்சுக்கு அது.

செண்பகம்: காப்பி நல்லா இல்லாட்டியும் ரியலி நல்லாருக்குன்னுவாரா?

சாமுவேல்: ம்... நம்ம பட்லர் போடற காப்பிக்கே சொல்றாரே.

செண்பகம்: அடப்பாவமே! அந்தத் தண்ணிக்கா?

சாமுவேல்: சிரிக்காத. நம்ம சத்தியம் மாதிரி இல்ல அதுன்னு சொல்ல வர்றேன். கனம் கம்மி.

செண்பகம்: கம்மியோ ஜாஸ்தியோ, நெசம்னா நெசம். காப்பிக்கு ஒரு நெசம், எங்கக்காவுக்கு ஒரு நெசமா? அதோட வாயால மட்டுமா சொன்னாரு? கையும் குடுத்தாரே!

சாமுவேல்: ஐயோ, அந்தக் கை...

செண்பகம்: எங்க கணியம்பாடி பக்கம் வாக்கு குடுக்கறவன் கைமேல கை அடிப்பான். அடிச்சிட்டா அப்புறம் மாற மாட்டான். நான் நீட்டினேன், தொரை கெட்டியாப் புடிச்சாரு. பட்டை இடிக்கற கொட்டாயே ஒலக்கைய நிறுத்திட்டுப் பாத்துச்சு.

சாமுவேல்: அது அவங்க ஊரு கை குலுக்கறது! வர்றவன் போறவன் கையெல்லாம் புடிப்பாங்க. நீ நீட்டினே, மரியாதைக்குப் புடிச்சாரு. அவ்ளோதான்.

செண்பகம்: அவரு ஊர்ல குலுக்கட்டும். இது ஆம்பூரு. சர்தார் பாஷா மேஸ்திரி இன்னா சொன்னாரு தெரியுமா? "தொரையே கை குடுத்துட்டாரு, இனிமே எவனும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னாரு.

சாமுவேல்: பாஷா பாயும் நம்பிட்டாரா... கர்த்தரே...

செண்பகம்: இன்னாண்ணே, மொகம் ஏன் இப்படி செத்துப் போச்சு?

சாமுவேல்: செண்பகம்... தொரை அன்னிக்கு ரியலின்னு மட்டும் சொல்லல. ரியலி ஸாரின்னாரு.

செண்பகம்: ஸாரின்னா?

சாமுவேல்: நெசமாவே வருத்தமா இருக்கு, ஆனா வேலை இல்லன்னு. நான் அந்த நெசமாவ மட்டும் எடுத்து ஒன் கைல குடுத்துட்டேன். கண்ணுல தண்ணியோட நின்னே. இல்லன்னு சொல்ல வாய் வரல. திட்டு. வேதக்காரன் பொய் சொல்லலாமான்னு நல்லாத் திட்டு.

செண்பகம்: எதுக்குத் திட்டணும்? எனக்கு அப்பவே தெரியும்.

சாமுவேல்: இன்னாது!

செண்பகம்: இங்கிலீஷ்தான் தெரியாது. மொகம் தெரியாதா? தர்றேங்கறவன் தரையப் பாத்துக்கினா பேசுவான்? அவரு இல்லன்னுட்டாரு, நீங்க மனசு கேக்காம மாத்திச் சொல்றீங்கன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் கைய நீட்டினேன்.

சாமுவேல்: தெரிஞ்சேவா?

செண்பகம்: தெரிஞ்சேதான். அத்தினி பேரு எதிர்ல கை குடுத்தவரு அப்புறம் மாற முடியுமா?

சாமுவேல்: அடேயப்பா... தோ, வண்டிச் சத்தம் கேக்குது. சரி, வா. என் வேலை போனாலும் போவட்டும். அமிர்தவள்ளிய உள்ள வுடுங்கன்னு நானே தொரைகிட்ட கேக்கறேன்.

செண்பகம்: கேக்க வேணாம்ண்ணே. விடிகாலைலயே பாஷா பாய் கேட்டத் தொறந்து வுட்டுட்டாரு. அக்கா உள்ள ஒக்காந்து பட்டை இடிச்சிக்கினு இருக்கா. நான் தொரைக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். எல்லார் காதுலயும் வுழற மாதிரி இங்கிலீஷ்ல சொல்லுங்க. அந்த ரியலிய வுட்டுறாதீங்க.