தவளக்குப்பம் தோப்பிலிருந்து நான் இழுத்துச் சென்ற கேரவன்

என் பெயர் காசிலிங்கம், தகப்பனார் பெயர் கலியபெருமாள், வயது 49, நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் ரெக்கவரி வேன் வைத்து இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை இதே போலீஸ் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில், ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்த பிறகே கேரவனை இழுத்தேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய். அதைத் திருத்த இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

கடந்த 9-ம் தேதி காலை பத்தரை மணிக்கு வினோத்குமார் என்று பெயர் சொன்ன ஒருவர் போன் செய்து, தவளக்குப்பத்துக்குக் கிழக்கே தென்னந்தோப்பில் நிற்கும் தன் கேரவனை லாஸ்பேட்டைக்கு இழுத்துப் போக வேண்டும் என்றார். போனேன். அது என்ஜின் இல்லாத, இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கிற வகை. பக்கத்தில் ஒரு டென்ட் அடித்திருந்தது, கொடியில் ஈரத் துண்டுகள் தொங்கின. இதெல்லாம் யாருடையது என்று கேட்டதற்கு, "ஃப்ரெண்ட்ஸோடதுண்ணே, கேரவன்லதான் தங்கியிருக்காங்க, இப்ப ஊர் சுத்தப் போயிருக்காங்க" என்றார். ஊர் சுற்றப் போனவர்கள் திரும்பி வந்து படுக்கிற இடத்தை எதற்குக் கிளப்ப வேண்டும் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

அதன் பிறகு, கேரவன் ஆடாமல் இருக்க நான்கு மூலையிலும் இறக்கியிருந்த தாங்குகால்களை ஏற்றச் சொன்னேன். அவர் கையால் பிடித்து இழுத்தார். அதைச் சுழற்றி ஏற்றும் கம்பி எங்கே என்று கேட்டால் திருதிருவென்று விழித்தார். சொந்த வண்டிக்காரனுக்கு இதுகூடவா தெரியாது? "இது உங்க வண்டிதானே?" என்று கேட்டே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாங்கி பத்து நாள்தான் ஆவுதுண்ணே. எது எதுக்குன்னு யாரும் சொல்லித் தர்ல. உங்கள மாரி வெவரம் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் உண்டு" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். ஷூட்டிங் கேரவன்கள் எத்தனையோ இழுத்திருக்கிறேன், வேன் ஸ்டாண்டில் ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர் கேட்டார். கேரவனின் கொக்கி, இழுக்கிற வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் எப்படி உட்கார வேண்டும், பூட்டு ஊசியை எங்கே செருக வேண்டும், பாதுகாப்புச் சங்கிலிகளை ஏன் குறுக்காக மாட்ட வேண்டும், கழிவுத் தண்ணீரை எப்படித் திறந்துவிட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். கேரவன் படியில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஆர்.சி. புத்தகம் கேட்கவில்லை.

அதன் பிறகு லாஸ்பேட்டையில் அவர் காட்டிய காலி மனையில் கழற்றி விட்டேன். அப்போது அவர், "ஒரு ஜீப்பு இத திண்டிவனம் வரைக்கும் இழுக்குமாண்ணே?" என்று கேட்டார். இழுக்கும் என்று சொல்லி, எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதையும் சொன்னேன். இதை முதல் வாக்குமூலத்தில் மறைத்துவிட்டேன்.

கேரவன் உண்மையில் முல்லா வீதி மஹ்பூபாவுடையது, லாஸ்பேட்டை மனையில் இப்போது அது இல்லை. கணவர் இறந்த பிறகு, கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர். ஆர்.சி. புத்தகம் அவர் வீட்டு பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லையாம். அதனால் என் பொய் பிடிபட்டு, போலீசார் என்னைக் கூட்டாளி என்று சந்தேகித்து என் வேனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

நேற்று நிலைய வாசலில் மஹ்பூபா என்னை மறித்தார். "அண்ணே, அவங்கூட சேந்து தூக்குனீங்களா, இல்ல அவன்கிட்ட ஏமாந்தீங்களா? ஏமாந்தா ஏமாந்தேன்னு சொல்லுங்களேன். போலீஸ்காரங்க உங்களயே சுத்திக்கிட்டிருந்தா அவன யாரு தேடுவாங்க?" என்றார்.

ஏமாந்தேன் என்று சொன்னால் ஸ்டாண்டில் காறித் துப்புவார்கள் என்றுதான் பொய் சொன்னேன். திருடன் என்று பேர் வந்தாலும் வரட்டும், முட்டாள் என்று வரக் கூடாது என்று இருந்திருக்கிறேன். ச்சீ, என்ன புத்தி. அந்த அம்மாவின் பிழைப்பு இத்தனை நாளாகத் திண்டிவனம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

எழுதும் ஏட்டய்யா என் மரியாதையை எண்ணி, இந்த இடத்தில் "நல்லெண்ணத்தில் நம்பிவிட்டேன்" என்று எழுதிப் படித்தார். அதை அடித்துவிட்டு "ஏமாந்தேன்" என்று போடச் சொன்னேன். போட்டார். முழுவதையும் மறுபடி படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, இந்த முறை ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

(ஒப்பம்)
க. காசிலிங்கம்