மண்டியில் தின்ற மாங்கீற்றும் மூன்று மாதச் சோதனையும்

இந்த இரத்தப் பரிசோதனை முகாமுக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஞானசிங் ஐயா அவர்களே, திருப்பதியிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் ஸ்வர்ணலதா அம்மா அவர்களே, சித்தூர் சபையின் மூப்பர்களே, வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பங்காருபாளையத்து மண்டித் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஸ்டான்லியின் வணக்கம்!

மாம்பழ வியாபாரிகளுக்குச் சரக்குத் தேர்ந்து கொடுப்பவன் நான். மாவின் மணமே என் மூச்சு, மண்டியே என் முகவரி. எட்டு ஆண்டாகச் சர்க்கரை நோய். ஆனால் என்ன வீறாப்பு எனக்கு! சோதனைக்கு இரண்டு நாள் முன்பே மண்டிக்கு விடுப்பு, வீட்டில் அரை வயிற்றுக் களி. வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று முப்பது! அந்தச் சீட்டை ஊரெல்லாம் காட்டினேன்.

அங்கே யார் சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்!

போன சீசனில் வலது கால் பெருவிரலில் ஒரு புண். ஆறவில்லை, அழுகத் தொடங்கியது. திருப்பதிக்கு ஓடினேன். என் அழகான சீட்டை நீட்டினேன். மருத்துவர் அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “ஸ்டான்லி காரு, இது இன்னிக்குக் காலைல சுகர். எனக்கு மூணு மாசத்துது காவாலி, மூணு மாசக் கணக்கு வேணும்” என்று வேறு இரத்தம் எடுத்தார்கள். ஏழைத் தாண்டக் கூடாத கணக்கு, வந்தது பத்தரை!

சர்க்கரை நம் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு ஏறக்குறைய மூன்று மாதம் வாழும். இரண்டு நாள் பட்டினியால் அதைத் துடைக்க முடியுமா? நான் மருத்துவரை ஏமாற்றலாம், மனைவியை ஏமாற்றலாம், மூன்று மாத இரத்தத்தை ஏமாற்ற முடியுமா? “சுகர் இறங்கலன்னா, புண் பரவினா, விரலை எடுக்கணும்” என்றார்கள். அன்று நான் நடுங்கிய நடுக்கம் என் பகைவனுக்கும் வேண்டாம்.

அந்தப் பயத்தில் பாவி நான் என்ன செய்தேன்? என் மனைவி தபிதாமேல் பழியைப் போட்டேன். “காப்பியில சக்கரை போட்டுக்கினு இருக்கியா?” என்று மாமியார் வீட்டார் எதிரிலேயே கத்தினேன். அவள் அழுதாள். மறுநாள் சோற்றுத் தூக்கோடு மண்டிக்கே வந்து என் பக்கத்தில் நின்றாள். லாட்டுக்கு, அதாவது குவியலுக்கு, ஒரு கீற்று அறுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“இதோட நாப்பத்திரெண்டு” என்றாள்.

“அது ருசி பாக்கறதுடி, துன்றதா?”

“ருசிதான் பாத்தேன்னு உன் ரத்தத்துக்குச் சொன்னியா?”

அவ்வளவுதான், கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

என்ன அண்ணே? இப்போது யார் ருசி பார்ப்பது என்கிறீர்களா? என்னோடு மண்டியில் வேலை செய்யும் நம் காலேப். அவருக்கும் இன்றைக்குச் சோதனை உண்டு, தப்ப விடாதீர்கள்!

இன்சுலின் போட்டேன், புண்ணுக்கு மருந்து கட்டினேன், வாயைக் கட்டினேன். மூன்று மாதம் யார் காத்திருப்பது? இரண்டு மூன்று வாரத்து நிலவரத்தைக் காட்டும் ஃபுரக்டோசமின் என்ற சோதனையை அம்மா செய்தார்கள். இறங்கியிருந்தது! புண் காய்ந்தது. மூன்றாம் மாதம் பத்தரை ஏழானது! “விரல் தப்பிச்சிந்தி” என்றார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் தபிதாவும் கைகோத்துக்கொண்டு அழுதோம். அப்பா, என்ன நிம்மதி! அன்று இரவுதான் மனம்விட்டுத் தூங்கினேன்.

தாய்மார்களே, தோழர்களே! ஒருநாள் சீட்டைக் காட்டி உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். வாயில் போட்டதை மறைக்காதீர்கள். மூன்று மாதச் சோதனைக்கு இன்றே கை நீட்டுங்கள்.

தபிதா, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாய். நிமிர்ந்து பார் அம்மா! நாலு பேர் எதிரில் உன்மேல் பொய்ப்பழி சொன்னேன். நானூறு பேர் எதிரில் சொல்கிறேன்: தவறு என் நாக்கினுடையது, உன் கையினுடையது அல்ல. என்னை மன்னித்துவிடு.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பத்து விரலும் தரையில் பதிய நின்று கும்பிடுகிறேன். வணக்கம், ஸ்தோத்திரம்!