அறுபத்தாறு அடிச் சங்கிலி

இந்த ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. டோல்கேட் கடைக்காரனுக்கு இந்தக் கைப்பக்குவம் சுட்டுப்போட்டாலும் வராது. அந்தக் கடைக்கு அப்புறம் வருகிறேன். எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எண்ணெல்லாம் சரியாக விழ வேண்டும்.

பெயர் அருள்நாதன், ராயபுரம், சர்வேயர். பரசுராமன் மேஸ்திரி செத்ததை 'சர்வேயரின் கணக்குப் பிழை, விபத்து' என்று நீங்கள் முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முதலில் சங்கிலி விஷயம். வெள்ளைக்காரன் நிலம் அளக்க இரண்டு சங்கிலி வைத்திருந்தான். வயல்காட்டுக்கு அறுபத்தாறு அடி; என்ஜினீயர்களுக்கு நூறு அடி. இரண்டிலும் கண்ணி நூறுதான். அந்தக் குழப்பத்தை நமக்கு விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான், மகராசன். இப்போது எல்லாம் மீட்டர் ஆகிவிட்டதா, பழைய வரைபடத்தில் எந்தச் சங்கிலி என்று பார்த்து மீட்டராக்கிக் கொடுப்பது என் வேலை.

இரண்டு வருஷம் முன்பு சாத்தாங்காட்டில் ஒரு கிடங்குக்கு நூறடிச் சங்கிலியை அறுபத்தாறு என்று எடுத்துவிட்டேன். அன்றைக்குக் காய்ச்சல். யாருக்கும் நடக்கும். சுவர் மூன்றில் ஒரு பங்கு குறைந்து நின்றது. இடித்துத் திரும்பக் கட்டியவன் பரசுராமன். திட்டியிருந்தால் போயிற்று. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றே எனக்கு 'அறுபத்தாறு' என்று பெயர் வைத்தான்.

டோல்கேட் கடையில் நான் கால் வைத்தால் போதும். "நைனா, அறுபத்தாறு வந்துகினு கீது. கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு கொறச்சே ஊத்து, அதுக்குக் கணக்கு தெரியாது" என்பான். கடையே குலுங்கும். மாதா கோயில் வாசலில் பொடிசுகள்கூட அப்படியே கூப்பிட்டன. ஒருநாள் நான் வாங்கிவந்த வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னா, இதுவும் அறுபத்தாறா?" என்றாள் என் மனைவி ஃப்ளோரா. அவள் சிரித்ததுதான் ஐயா எனக்குப் பொறுக்கவில்லை.

மற்றபடி பரசுராமன் தங்கமான மனுஷன். ஃப்ளோரா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூப்பிடாமலே ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன் அவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் புதுத் தூண்கள் போட வேண்டியிருந்தது. அங்கே மண்ணுக்கடியில் பழைய கரண்ட் கேபிள் ஒன்று உயிரோடு ஓடுகிறது. கிழக்குச் சுவரிலிருந்து மூன்று சங்கிலி தூரம் என்றது வரைபடம். நூறடிச் சங்கிலி என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரமும் படித்தேன். பிறகு வேண்டுமென்றே அறுபத்தாறால் பெருக்கி, கேபிள் அறுபது மீட்டரில் போகிறது என்று சொல்லி, அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டேன். அதற்கு வெகு தள்ளி, பத்திரமான இடம் என்று, முதல் தூணுக்கு முளை அடித்தேன். சுவரிலிருந்து சரியாக முந்நூறு அடி; அதாவது தொண்ணூற்றொரு மீட்டர், நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். ஒருமுறை தவறியவன் மறுபடி தவறினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆளும் தப்பாது. குழி தோண்டுமுன் எலுமிச்சம்பழம் அறுத்துக் கற்பூரம் கொளுத்தி, முதல் ஒரு முழத்தை மேஸ்திரியே கடப்பாரையால் இறக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். கடலோர மணல் வேறு, காற்றில் அரித்துப் போயிருந்தது. கேபிள் முழ ஆழத்தில்தான் கிடந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டான். "இன்னா அறுபத்தாறு, இங்க குத்தலாமா? கேபிளு அங்கதான கீது?"

"தாராளமா குத்து மேஸ்திரி" என்றேன். வெயில் ஏறிவிட்டது, குடையை விரித்துக்கொண்டு நிழல் பக்கம் நகர்ந்தேன். மூன்றாவது குத்தில் முடிந்தது.

ஊர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். வியாசர்பாடியில் துக்கம் கேட்கப் போனபோதுதான் எல்லாம் கெட்டது. அவன் பெண்டாட்டி கெங்கம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காத அண்ணாத்த. நீ இன்னா வோணும்னா பண்ணே? உனுக்குக் கணக்கு வராதுன்னு ஊருக்கே தெரியும். எங்க வூட்டு ஆளுதான் உஷாரா இருந்திருக்கணும்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், ஐயா. ஒருவர்கூட மறுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்கோ ஆயுளோ, சட்டப்படி செய்யுங்கள். 'பிழை' என்ற அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். முடிந்தால் வியாசர்பாடிக்கு ஓர் ஆளை அனுப்பி, முளை ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை என்று கெங்கம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். கேட்டால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.