எவரெட்டைச் சுமந்த சபை

அன்பு நிறைந்த இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆயரம்மா கான்ஸ்டன்ஸ் அவர்களே, அலையோடு மல்லாடி அன்னம் ஈட்டும் அண்ணன்மார்களே, அடுப்படியையும் ஆலயத்தையும் ஒருசேரக் காக்கும் அன்னையர்களே, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் அமர்ந்திருக்கும் புதிய சொந்தங்களே, ரொவீனா பீல் என்னும் எளியவளின் வணக்கம்.

புதியவர்களை வரவேற்று நாலு வார்த்தை பேசச் சொன்னார் ஆயரம்மா. எனக்கு இறையியல் தெரியாது. என் கணவர் எவரெட்டை இந்தச் சபை எப்படி அடக்கம் செய்தது என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

படகுப் பட்டறை வேலைக்காக ஒஹாயோவிலிருந்து இந்த மேய்ன் கரைக்கு வந்தோம். ஞாயிறுதோறும் நான் மட்டும் கோயிலுக்குக் கிளம்புவேன். "எனக்கும் உங்க சாமிக்கும் சண்டையும் இல்ல, சம்பந்தமும் இல்ல. நீ போய்ட்டு வா ரோ, நான் முட்டை பொரிச்சு வைக்கிறேன்" என்பார் எவரெட். இங்கே வந்தால், எல்லோரும் முழங்காலில் நிற்கையில் நான் எழுந்து நிற்பேன். நான் முழங்காலிடுகையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். என்ன தெல்மா? "இப்பவும் அப்படித்தான்" என்கிறாயா? காதில் விழுந்தது.

பிப்ரவரிப் பனியில், வேலை நடுவே, எவரெட்டின் இதயம் நின்றது. இந்த ஊரில் எனக்கு உறவென்று எவருமில்லை. ஆயரம்மாவைக் கூப்பிட்டேன். பனியில் நனைந்த காலோடு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சை அரித்ததைக் கேட்டேவிட்டேன்.

"அவர் ஞானஸ்நானம் வாங்காதவர். கோயில் படி மிதிச்சதே இல்ல. அவரை உள்ள விடுவீங்களா?"

"அவர் யாரு வீட்டுக்காரர்?"

"என் வீட்டுக்காரர்."

"நீங்க யாரு?"

நான் யார்? நேற்று வந்தவள். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று அறியாதவள்.

"நீங்க எங்க வீட்டுப் பொண்ணு, ரொவீனா. அப்போ அவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளைய யாராவது வாசல்ல நிறுத்துவாங்களா?"

நிறுத்தவில்லை. நடுக்கோயிலில் வைத்து நல்லபடி செபித்தார்கள். ஆனால் அன்பர்களே, நம் மண்ணை நீங்கள் அறிவீர்கள். பாறையாய் இறுகிய அந்தப் பனிமண்ணில் குழி எங்கே தோண்டுவது? கல்லறைத் தோட்டத்தில் குளிர்காலத்துக்கென்று கட்டிய கல் அறையில் பெட்டியை வைத்துப் பூட்டி, வசந்தத்துக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். மண்ணுக்கும் போகாமல், மனைக்கும் திரும்பாமல் கிடந்தார் என் எவரெட். நானும் அப்படியே கிடந்தேன். கோயிலுக்குப் போவதை விட்டேன். கதவு தட்டியவர்களுக்குத் திறக்கவில்லை. வாசற்படியில் வைத்துப்போன பண்டங்கள் பனியில் உறைந்தன.

மே மாதம் மண் இளகியது. "நீங்களும் நானும் போதும், ஆயரம்மா. எல்லாரும் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பிச்ச நேரம். யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்" என்றேன். அடக்கத்துக்கு நாள் மட்டும் குறித்துக் கொடுத்தார் அவர்.

அந்த நாள் விடிந்ததும் கல்லறை மேடேறிப் போனேன். என்ன கண்டேன்? ரப்பர் காலணியோடு ஆண்கள். மாவு படிந்த கையோடு பெண்கள். மண்வெட்டியோடு நம் படகுக்காரர் ஆல்டன் குரோலி. கீழே துறைமுகத்தில், சிங்கி இறால் கூடுகள் அடுக்கியபடியே, அத்தனை படகும் கட்டிக் கிடந்தன.

"ஆல்டன், கடலுக்குப் போகலையா?"

"காத்து சரியில்லம்மா."

திரும்பிப் பார்த்தேன். "கடல் கண்ணாடி மாதிரி கிடக்குதே."

"கடலைப் பத்தி உனக்கென்ன தெரியும்? நீ ஊருக்குப் புதுசு" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றுதான் அழுதேன், அன்பர்களே. எவரெட் இறந்த நாளில் வராத கண்ணீர் அன்று வந்தது. அவர் குரலைக் கேட்டிராத ஆண்கள் அவரைத் தோளில் ஏற்றினார்கள். அவர் முகத்தைக் கண்டிராத பெண்கள் மண்ணள்ளி இட்டார்கள். தெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எப்படிப்பட்டவரு? சொல்லு, கேப்போம்" என்றாள். முட்டை பொரிப்பதிலிருந்து தொடங்கினேன். வெயில் ஏறும்வரை பேசினேன். ஒருவரும் நகரவில்லை.

எது சபை? கல்லா, கண்ணாடியா, கோபுரமா? எது விசுவாசம்? மனப்பாடம் செய்த வாசகமா, மடித்த முழங்காலா? உயிர்த்தெழுதலை நான் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த மேட்டில், அந்தத் தோள்களைக் கண்டபோதுதான் அதை நம்பினேன்.

கதவோரம் அமர்ந்திருக்கும் கண்மணிகளே, நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று நாங்கள் முதலில் கேட்கப் போவதில்லை. உங்களோடு யார் வரவில்லை என்று கேட்போம். வீட்டில் இருப்பவரா, விலகிப் போனவரா, மண்ணுக்குள் போனவரா, அவர் பெயரைச் சொல்லுங்கள். இன்றிரவு உங்கள் பெயரோடு சேர்த்து அவர் பெயரையும் சொல்லிச் செபிப்போம்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. தயங்கித் தயங்கிப் படியேறி வந்த கால்களுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம். முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.